ஆட்டுப் பாலும் ஒரு சொம்பும்

போன வருசம் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே தோழி ஒருத்தி தன் மகளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கூட்டிப் போனார்களாம். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். பிள்ளைகள் ஆட்டைத் தொட்டுப் பார்க்கலாம், குழை கொடுக்கலாம், பால் கறந்து பார்க்கலாம். "பால் பாக்கெட்டுல இருந்து வரலைன்னு அவளுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கு ஏழு வயசு.

எனக்கும் ஏழு வயசில்தான் ஆட்டில் பால் பீச்சச் சொல்லிக் கொடுத்தார்கள். ராத்திரி ரயிலில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளைமேல் எனக்குப் பொறாமையோ கோபமோ கிடையாது. பால் எங்கேயிருந்து வருகிறது என்று அவள் தெரிந்துகொண்டாள், நல்லதுதான். அது எங்கே போகிறது, யாருடைய பாத்திரத்தில் போகிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நாங்கள். அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊர் சாத்தூருக்குக் கிழக்கே, கரிசல் காடு. நான் சொல்கிறது 1996. கொடியன்குளத்துக்குள் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியது 1995 ஆகஸ்டில். அதற்கு அடுத்த வருசம். எங்கள் பறத்தெருவில் ஆம்பளைகள் பொழுது சாய்ந்த பிறகு ஊருக்குள் போகப் பயந்த காலம். பிள்ளைகளுக்கு அது எதுவும் முழுசாக விளங்காது. விடியுமுன்னே தீப்பெட்டியாபீசு வேன் வந்து தெருமுனையில் ஆரன் அடிக்கும். என்னைவிட ஒரு வயசு ரெண்டு வயசு மூத்த அக்காமார்கள் தூக்கம் கலையாமலே சோத்துத் தூக்கோடு ஏறிப் போவார்கள். கட்டை அடுக்க. நான் போகாமல் தப்பித்ததற்கு ஒரே காரணம் கருப்பி. ஆட்டைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டும். அதனால் காலையில் ஆடு, அப்புறம் பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி ஆடு. என்னைப் படிக்க வைத்தது அரசாங்கமா ஆடா என்று யாராவது கேட்டால் ஆடு என்றுதான் சொல்வேன்.

கருப்பி எங்களுடைய ஆடு இல்லை. வாரத்து ஆடு. ஊருக்குள் இருக்கிற முதலாளி ஒரு பெட்டை ஆட்டை வாங்கி விடுவார். மேய்க்கிறது, தண்ணி காட்டுகிறது, மழையில் நனையாமல் பார்க்கிறது, ராத்திரி நாய் நரி அண்டாமல் காவல் இருக்கிறது எல்லாம் நாங்கள். ஈனுகிற குட்டியில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. ஒத்தைக் குட்டி என்றால் முதல் ஈத்து அவருக்கு, அடுத்த ஈத்து எங்களுக்கு. தாய் ஆடு எந்தக் காலத்திலும் அவருடையதுதான். குட்டி செத்துப் போனால் தோலை உரித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் விற்றுத் தின்றுவிட்டதாகக் கணக்கு. பாலைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. கறிக்காக வளர்க்கிற ஆட்டில் பால் என்ன பெரிய பால், ஒரு டம்ளர் ரெண்டு டம்ளர். யாரும் கேட்காததால் அது எங்களுக்கு என்று ஆகியிருந்தது.

கருப்பி கன்னி ஆடு. உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தில் ரெண்டு பக்கமும் கண்ணுக்கு மேலிருந்து வாய் வரைக்கும் வெள்ளைக் கோடு. இந்த வகையைப் பால்கன்னி என்பார்கள். கோடு செவலையாக இருந்தால் செங்கன்னி. எங்கள் பக்கத்தில் கன்னியும் கொடியும்தான் அதிகம். ஐந்து மாசம் சினை சுமந்து கருப்பி ரெண்டு குட்டி போட்டது. ஒன்று கிடா, ஒன்று பெட்டை. அந்த ஈத்தில்தான் அப்பத்தா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

முதல் ஒரு வாரம் மடியில் கை வைக்கவே விடவில்லை. சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் கிண்டித் தின்ன எனக்கு ஆசை. "குட்டி குடிச்சு மிஞ்சினா ஒனக்கு. இன்னும் மிஞ்சலை" என்று தினமும் அதையே சொன்னாள். மிஞ்சவே இல்லை என்பது வேறு விசயம்.

அதற்குப் பிறகு பாடம் ஆரம்பித்தது. ராத்திரி குட்டிகளைப் பஞ்சாரத்துக்குள் விட்டு மேலே கல் வைத்திருப்போம். விடிந்ததும் ஒரு குட்டியைத் திறந்து விட வேண்டும். அது ஓடிவந்து மடியை முட்டி முட்டிக் குடிக்கும். ஆடு அசைபோடுகிறதை நிறுத்திவிட்டு ஒரு மாதிரி நிற்கும். அப்போது காம்பு தடித்து வரும். அந்த நேரம் பார்த்துக் குட்டியை விலக்கிவிட்டு உட்கார வேண்டும். குட்டியை விடாமல் நேராகக் கை வைத்தால் ஆடு பாலை ஒளித்துக்கொள்ளும். எத்தனை பிடி பிடித்தாலும் வராது. "மேல ஏத்திக்கிருச்சு" என்பாள் அப்பத்தா. உதைத்து வாங்க முடியாத ஒன்று அந்த ஆட்டிடம் இருந்தது என்பது எனக்கு அந்த வயசில் பெரிய ஆச்சரியம்.

ஆட்டின் பின்னங்கால் ஒன்றை மடக்கித் தன் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வாள். இடது கையில் பாத்திரம், வலது கையில் காம்பு. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பின் வேரைப் பூட்ட வேண்டும், பால் திரும்ப மேலே போகாமல். அப்புறம் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக மூட வேண்டும். நான் எல்லாப் பிள்ளைகளையும் போல இழுத்தேன். "இழுக்காதத்தா, பிடி. ஒங் காதைப் பிடிச்சு இழுத்தா ஒனக்கு நல்லாவா இருக்கும்?" என் நகத்தைத் தினமும் பார்ப்பாள். அழுதுகொண்டோ கோபத்திலோ ஆட்டிடம் போக விடமாட்டாள். கோபம் கை வழியாகப் போகும் என்பாள். அது உண்மைதான். தம்பியோடு சண்டை போட்டுவிட்டுப் போன அன்றைக்குக் கருப்பி சட்டியை உதைத்துக் கவிழ்த்துவிட்டது.

முதல் பீச்சு ரெண்டும் மண்ணுக்கு. ஒவ்வொரு காம்பிலும். அது பூமாதேவிக்குக் கொடுக்கிறது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நண்பர் பிறகு ஒரு நாள் விளக்கினார்: காம்பு நுனியில் இருக்கிற அழுக்கும் கிருமியும் முதல் பீச்சில் போய்விடும், ரத்தமோ திரியோ வந்தால் மடி நோய் என்று உடனே தெரிந்துவிடும். அப்பத்தாவுக்குக் கிருமி தெரியாது. ஆனால் அந்த மண்ணைக் குனிந்து பார்க்காமல் அவள் ஒரு நாளும் அடுத்த பிடி பிடித்ததில்லை. காய்ச்சாமல் குடிப்பதில் மட்டும் அவளுக்கு விவரம் போதாது. என் வாயைத் திறக்கச் சொல்லி நேராகவே பீச்சுவாள். வெதுவெதுப்பாக, நுரையோடு. பச்சைப் பாலில் மனிதருக்குத் தொற்றுகிற காய்ச்சல் நோய்கள் உண்டு என்று இப்போது எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொல்கிறேன். சொல்லும்போதே நாக்கில் அந்த ருசி வந்துவிடும்.

கணக்கு நான் படித்தது மடியில்தான். ரெண்டு காம்பு, ரெண்டு குட்டி, நாங்கள் ஒரு வீடு. "ஒரு காம்பைத் தொடாத. இன்னொண்ணுல முக்காலை எடு, காலை விடு." பாதி, கால், முக்கால் எல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பே என் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. என்ன தின்றால் பாலில் என்ன வாடை வரும் என்று தெரிந்தது. கிடா பக்கத்தில் நின்றால் பால் கவிச்சி அடிக்கும் என்று தெரிந்தது. கருவை நெத்து காய்க்கிற மாசத்தில் பால் கூடும், வெயில் ஏறி மேய்ச்சல் காய்ந்தால் சுருங்கும் என்று தெரிந்தது.

இதெல்லாம் தெரிந்த பிள்ளையாகத்தான் ரெண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். "நமக்குப் பால் தருவது எது?" என்று வாத்தியார் கேட்டார். கையைத் தூக்கி "ஆடு சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். "ஆட்டுப் பாலை யாருடா குடிப்பா?" என்று மற்ற பிள்ளைகளிடம் கேட்டார். எங்கள் தெருப் பிள்ளைகளும் சேர்ந்துதான் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதைத்தான் குடித்தார்கள். பிறகு பசுவைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார். பசு ஒரு சாதுவான வீட்டு விலங்கு. எழுதினேன். எங்கள் தெருவில் ஒரு பசு கூடக் கிடையாது. சண்டாளர்களின் சொத்து நாயும் கழுதையும் என்று மனு எழுதி வைத்ததை நான் படித்தது ரொம்பப் பின்னால். அப்போது எனக்கு அந்தப் பத்து வரி ஞாபகத்துக்கு வந்தது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஆய்வு செய்து 2006இல் ஒரு புத்தகம் வந்தது. பல ஊர்களில் தலித்துகள் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்ற முடியாது என்பதை அதில் பதிவு செய்திருக்கிறார்கள். பசு இருந்தாலும் பால் விலை போகாது. அதனால்தானோ என்னவோ நம் சனங்கள் ஆட்டோடு நின்றார்கள்.

ஆட்டுப் பாலை யார் குடிப்பார் என்று கேட்ட ஊரில் ஒரு நாள் ஆட்டுப் பால் தேவைப்பட்டது. முதலாளி வீட்டு மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளைக்கு மாட்டுப் பால் சேரவில்லை, கக்கிக்கொண்டே இருந்தது. வைத்தியர் ஆட்டுப் பால் கொடுத்துப் பார்க்கச் சொன்னாராம். அவர்களுடைய ஆடு, எங்கள் வீட்டில் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறது. காலையிலும் சாயங்காலமும் கொல்லைப் பக்கமாக ஓட்டி வரச் சொல்லி ஆள் வந்தது. அப்பத்தாவுக்கு மூட்டு வலி. நான் ஓட்டிப் போனேன்.

முதலாளியம்மா ஒரு பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றாள். "ஏ பிள்ள, சொம்பைத் தொடாம பீச்சு" என்றாள். நான் காலை இடுக்கிக்கொண்டு ஒரு கையால் பீச்சினேன். பாத்திரத்தைப் பிடிக்க வேண்டிய இடது கைக்கு வேலை இல்லாமல் தொங்கியது. ஆடு சும்மா நிற்குமா? புது இடம், புது வாடை. நகர்ந்தது. பால் சொம்பின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. முதலில் வைதாள். ரெண்டாம் தடவை ஆடு நகர்ந்தபோது சொம்பு சாயப் போனது. யோசிக்காமல் பிடித்துவிட்டேன். அந்த அம்மா போட்ட சத்தத்தில் ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது. சொம்பைக் கவிழ்த்து, வேலைக்கார அம்மாவை விட்டுப் புளி போட்டு விளக்கி, அடுப்பு நெருப்பில் காட்டி மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஆட்டைப் பிடித்து வந்து மறுபடி பீச்சினேன். அந்தச் சொம்பில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் என் பொத்திய கைக்குள்ளிருந்துதான் விழுந்தது. சுண்டு விரலில் வழிந்தது கூட உள்ளேதான் சொட்டியது. அதை அந்த அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

திரும்பி வந்து அப்பத்தாவிடம் கேட்டேன். "பாலு எங் கையில பட்டுத்தான விழுது? அதைப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?" அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே, "பாலுக்குத் தெரியாதுத்தா. சொம்புக்குத்தான் தெரியும்" என்றாள். அவள் சிரித்தாளா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொண்டது. அதனால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார்கள். ஒரு காம்பை விட்டுவைக்க வேண்டும் என்ற எங்கள் வீட்டுச் சட்டம் அங்கே செல்லாது. "ரெண்டையும் ஒட்டப் பீச்சு" என்றார்கள். அப்பத்தா எனக்குத் தனியாகச் சொல்லி அனுப்புவாள்: "கடைசி நாலு பிடியை விட்டுட்டு வந்துரு. ஆடு ஒளிச்சுக்கிருச்சுன்னு சொல்லு." ரெண்டு மூன்று நாள் அப்படித்தான் செய்தேன். பொய் சொல்ல ஆட்டிடமே கற்றுக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள் சொம்பு விளிம்பு வரை நிறைந்திருந்தது. முதலாளியம்மா சந்தோசப்பட்டு ஒரு ஆரஞ்சு மிட்டாயை மேலேயிருந்து என் கையில் போட்டாள். மறுநாளும் நிறைந்தால் மறுநாளும் மிட்டாய். அந்த நாலு பிடியையும் நான் விடவில்லை. குட்டி மடியை முட்டுகிற மாதிரி என் முஷ்டியால் மெதுவாக முட்டினால் மிச்சமும் இறங்கும் என்று கண்டுபிடித்திருந்தேன். அதையும் செய்தேன். அப்பத்தாவிடம் விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

பெட்டைக் குட்டி முதலில் குதிக்கிறதை நிறுத்தியது. பிறகு கிடாக்குட்டியோடு முட்டிப் போட்டி போட முடியாமல் ஒதுங்கி நின்றது. முதுகெலும்பு தெரிந்தது. கழிச்சல் கண்டது. ஒரு நாள் விடியற்காலம் பஞ்சாரத்தைத் தூக்கியபோது கிடாக்குட்டி மட்டும் ஓடிவந்தது.

அய்யா தோலை உரித்துக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று அப்பத்தா கேட்டாள். "செத்தது நம்ம பங்காம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்தக் குட்டியை வளர்த்து அடுத்த வருசம் சொந்தமாக ஒரு ஆடு என்று அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சொந்த ஆடு வந்திருந்தால் என்னென்ன மாறியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாசத்திலிருந்து அம்மா ராத்திரி கூடத் தீப்பெட்டிக் கூடு ஒட்ட ஆரம்பித்தாள். கிடாக்குட்டியையும் கருப்பியையும் முதலாளி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மிட்டாய்ச் சங்கதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளி வீட்டுக் கொடுமை என்று மேடையில் சொல்கிறபோதும் இந்த மிட்டாயை விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

எம்.ஏ. தமிழ் படிக்கிறபோது நன்னூல் வகுப்பு. தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மங்கலத்துக்கு உதாரணம், கறுத்த ஆட்டை வெள்ளாடு என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது. கறுப்பு அமங்கலம், அதனால் வெள்ளை என்று சொல்ல வேண்டுமாம். வெள்ளாடு என்ற பெயருக்கு வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு, இருக்கட்டும். நான் அந்த வகுப்பில் கருப்பியை நினைத்தேன். அதன் கறுப்பில் என்ன குறை? நாங்கள் அதைக் கருப்பி என்றே கூப்பிட்டோம், அதுவும் வந்தது.

மங்கல வழக்கு ஆட்டோடு நிற்கவில்லை. எங்களுக்கும் ஒன்று வைத்தார்கள், ஹரிஜன் என்று. அதைப் பரப்பியவரும் ஆட்டுப் பால் குடித்தவர்தான். மாட்டுப் பால், எருமைப் பால் குடிப்பதில்லை என்று விரதம் இருந்த காந்தி, 1918இல் நோயில் விழுந்து உடம்பு தேறாமல் இருந்தபோது, ஆட்டுப் பாலைப் பற்றி விரதத்தில் ஒன்றும் இல்லையே என்று கஸ்தூர்பா சொன்னதால் அதைக் குடிக்கத் தொடங்கினார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை விட்டுவிட்டேன் என்ற பொருளில் அவரே சுயசரிதையில் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் குடித்ததும் அது சாத்வீக உணவாகிவிட்டது. எங்கள் வாத்தியார் வகுப்பில் அவருடைய படமும் மாட்டியிருந்தது. அவருடைய ஆட்டை ஞாபகம் வைத்திருந்தால் அன்றைக்கு அப்படிச் சிரித்திருக்க மாட்டார். சேரியைக் காலனி என்று சொன்னதும் இன்னொரு மங்கலம். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எடுக்கட்டும். சொம்பை நெருப்பில் காட்டுகிற பழக்கத்துக்கு அரசு ஆவணத்தில் பெயர் கிடையாது.

2011 செப்டம்பரில் விலையில்லா ஆடு திட்டம் வந்தது. ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு. எங்கள் தெருவிலும் பலருக்குக் கிடைத்தது. முதல் தடவையாக வாரம் இல்லாத ஆடு. அந்தச் சந்தோசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காதில் வில்லை போட்ட ஆட்டைத் தடவிக்கொண்டு அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மேய்க்க இடம்தான் இல்லை. புறம்போக்கெல்லாம் யார் யார் வேலிக்குள்ளோ போயிருந்தது. வேலி தாண்டிய ஆட்டுக்கு ஆடு பொறுப்பில்லை, மேய்க்கிறவன்தான் பொறுப்பு. 2020 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம் ஓலைக்குளத்தில், ஆட்டுத் தகராறில் ஐம்பது வயசு தாண்டிய தலித் பெரியவர் ஒருவரைக் காலில் விழ வைத்து அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். ஏழு பேர் கைதானார்கள். அந்தக் காட்சியை எங்கள் மாலை வகுப்பில் ஒரு பையன் செல்போனில் வைத்திருந்தான். நான் பிடுங்கி அழித்தேன். அவன் அதற்குள் பலமுறை பார்த்துவிட்டிருந்தான்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். சொம்புக் கதையைக் கூட்டங்களில் இங்கேதான் முடிப்பேன், கைதட்டுவார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் நண்பர்கள் வட்டத்தில் வாக்குவாதம். அருந்ததியருக்கு 2009இல் கொடுத்த 3 சதவீதத்தையே குறை சொல்லிச் சிலர் பேசினார்கள். ஒரு அருந்ததியர் தோழர் எழுந்து, "ஒற்றுமைன்னு சொல்றீங்க சரி. உங்கள்ல எத்தனை பேர் வீட்ல எங்க வீட்டுப் பாத்திரம் புழங்கியிருக்கு?" என்று கேட்டார். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. எனக்கு ஒரு சொம்பு ஞாபகம் வந்துவிட்டது. அது பித்தளை இல்லை, எங்கள் வீட்டு அலுமினியச் சொம்பு.

1997. கருப்பி போன பிறகு தம்பி சவலையாகிக் கிடந்தான். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. எங்கள் தெருவில் அப்போது பால் ஆடு இல்லை. தெற்கே அருந்ததியர் தெருவில் ஒரு அம்மாவிடம் கொடி ஆடு ஈன்றிருந்தது. அப்பத்தா என் கையில் சொம்பைக் கொடுத்தாள். "நம்ம சொம்பைக் கொண்டு போ. அவளை இதுலயே பீச்சச் சொல்லு. அவ கையில குடுக்காத, நீயே பிடிச்சுக்க." பித்தளைச் சொம்பைப் பற்றிச் சொம்புக்குத்தான் தெரியும் என்று சொன்ன அதே அப்பத்தா.

நான் அப்படியே செய்தேன். எட்டு வயசு. அந்த அம்மாவின் முன்னால் குத்தவைத்து, அவள் கை படாமல் சொம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் எதுவும் கேட்கவில்லை. ஆட்டை "ரா, ரா" என்று தெலுங்கில் கூப்பிட்டாள். முதல் பீச்சை மண்ணில் விட்டுக் குனிந்து பார்த்தாள். அப்புறம் சொம்பில் பீச்சினாள். ஒரு காம்பைத் தொடவில்லை. இருபது நாளுக்கு மேல் போயிருப்பேன். காசு வாங்கவில்லை. அவளை நாங்கள் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம், நான் உட்பட. அவளுக்கு எங்கள் அம்மாவைவிட வயசு அதிகம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தத் தெருவுக்குப் போனேன். இத்தனை வருசத்தில் துண்டறிக்கை கொடுக்கப் போயிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. கண் மங்கிவிட்டது அவளுக்கு. "யாரு?" என்றாள். சொன்னேன். வாயில் முதல்முறையாகப் பாட்டி என்று வந்தது. "சொம்பு கொண்டாருவியே, அந்தப் பிள்ளையா?" என்றாள்.

ஆமாம் பாட்டி என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வார்த்தைகளைக் கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஒந் தம்பி, சவலையாக் கெடந்தானே தாயி, பெழைச்சுக்கிட்டானா?"

"நல்லா இருக்கான் பாட்டி. திருப்பூர்ல பனியன் கம்பெனில. ரெண்டு பிள்ளைக."

"இருக்கட்டும், இருக்கட்டும்." கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் உள்ளே பார்த்து, "ஏத்தா, ஒரு டீ போடு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "குடிப்பியா?" என்று கேட்டாள்.

குடிப்பேன் என்றேன். பேத்தி வெளியே வந்தாள். ஏழெட்டு வயசு இருக்கும். பஞ்சாரத்தைத் தூக்கி ஒரு குட்டியை விட்டாள். அது முட்டியது. விலக்கிவிட்டு உட்கார்ந்து ஆட்டின் காலை இடுக்கிக்கொண்டாள். முதல் பீச்சை மண்ணில் விட்டாள். டீ வந்தது. எவர்சில்வர் டம்ளர், பிடிக்க முடியாத சூடு. முந்தானையால் பிடித்துக்கொண்டு குடித்தேன்.